மோட்டாரின் தாகம்

ஜூன் 8, ஞாயிறு

சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் காலனி செக்ரட்டரி பிரசாத். அவர் பின்னால் வாட்ச்மேன்கள் இருவர், கோணியில் சுற்றிய ஏதோ ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு.

"மோட்டார் வச்சேசிந்தி மேடம். இக மீ பாத்யத" என்றார். மோட்டார் வந்துவிட்டதாம், இனி என் பொறுப்பாம்.

"என் பொறுப்பா? எனக்கு என்னங்க தெரியும்?"

"மீரு தூத்துக்குடி கதா!" நீங்கள் தூத்துக்குடிதானே என்கிறார், தெலுங்கில்.

அவ்வளவுதான் காரணம். தூத்துக்குடியில் பிறந்தேன், அதை இல்லை என்று சொல்லவில்லை. அப்பா உப்புக் கம்பெனியில் கணக்கு எழுதினார். நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வள்ளத்தில் ஏறி, அது கரையை விட்டு நகர்வதற்கு முன்பே வாந்தி எடுத்தவள். இங்கே உப்பலில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. இதையெல்லாம் சொன்னேன். பிரசாத் சிரித்துக்கொண்டே கம்யூனிட்டி ஹால் சாவியைக் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். காலனி மொத்தத்துக்கும் கடலைப் பார்த்தவள் நான் ஒருத்திதான் போல.

மறுத்திருக்கலாம். முடியவில்லை. படகு வேண்டும் என்று மீட்டிங்கில் எழுந்து கத்தியதே நான்தான். போன வருடம் ஏரி உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தபோது என் கணவர் மோகனுக்கு டயாலிசிஸ் நாள். போக வழியில்லை. மறுநாள் மூச்சுத் திணறல். கடைசியில் ஜேசிபி வந்து, மண் அள்ளுகிற பக்கெட்டில் உட்கார வைத்துத் தூக்கிப் போனார்கள். மாடிக்கு மாடி நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். மோகன் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆகவே படகு வாங்கியாயிற்று. அது கம்யூனிட்டி ஹாலுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. எங்கோ ஒரு ஏரியில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து ஓய்ந்த பழைய மோட்டாரும் வந்தாயிற்று. புத்தகம் இல்லை. மேலே யாரோ பச்சை பெயின்ட் அடித்திருக்கிறார்கள், எழுத்து ஒன்றும் தெரியவில்லை. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஜூன் 9, திங்கள்

எங்கள் பிளாக்கை ஒட்டிய ஹால் மேடையில் இரும்பு ஸ்டாண்டில் மாட்டியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

எலிசபெத் அக்காவுக்குப் போன் போட்டேன். அத்தான் தூத்துக்குடியில் வள்ளத்துக்கு உதிரிப் பாகம் விற்கிற கடை வைத்திருக்கிறார், அவருக்குத் தெரியாததா?

"ஏளா, அது என்ன பெரிய கம்பசூத்திரமா? இந்தா அத்தான்ட்ட கேளு" என்று அக்கா போனை நீட்டினாள்.

அத்தான் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். "பெட்ரோல்ல ஆயில கலந்து ஊத்து. அம்புட்டுதான். வேற ஒண்ணும் பாக்க வேண்டாம். இங்க அத்தனை வள்ளமும் அப்படித்தான் ஓடுது."

மோகனிடம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஹவ்! நம்ம பழைய ஸ்கூட்டருக்கு ஊத்துவோமே, டூ-டி ஆயில். அதேதான். கைக்கு இவ்ளோ டென்ஷன்?" மெட்டுகுடா ரயில்வே காலனியில் வளர்ந்தவர், தமிழை எந்தக் கம்பார்ட்மென்டில் ஏற்றினாலும் கூடவே இரண்டு உருது வார்த்தையும் ஏறிக்கொள்ளும்; ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் எதற்கு. ஸ்கூட்டரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு எதைப் பற்றியும் இவ்வளவு பேசியதில்லை.

இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். சரியாகத்தான் இருக்கும்.

ஜூன் 22, ஞாயிறு

சரியாக இல்லை.

டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரின் அடியில் கால் மாதிரி நீண்டிருப்பதை அதில் இறக்கி, ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றி, கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றது. கடைசியில் கிளம்பியது. கூடவே புகையும். ஹால் தெரியவில்லை, எதிர் பிளாக் தெரியவில்லை, எனக்கு என் கை தெரியவில்லை. ஜன்னல்கள் படபடவென்று சாத்தும் சத்தம் மட்டும். மேலேயிருந்து விஜயகுமாரி, "தேங்க்ஸ் ஆக்னஸ், கொசு ரொம்ப ஜாஸ்தியா இருந்துச்சு!" என்றாள். கொசு மருந்து அடிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். மோகன் சிரித்த சிரிப்பில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அணைத்துவிட்டு மூடியைத் திறந்து தேடியபோது உள்ளே மஞ்சள் வளையம் ஒன்று. இழுத்தால் ஒரு நீளக் குச்சி, நுனியில் கறுப்பு ஆயில். காருக்கு ஆயில் அளவு பார்ப்பார்களே, அதே குச்சி. பெட்ரோலோடு கலந்து எரிந்து போகிற ஆயிலுக்கு அளவுக் குச்சி எதற்கு? அப்படியானால் ஆயில் தனியாக இருக்கிறதா? அத்தான் சொன்னது பொய்யா? அவர் ஊரில் அத்தனை வள்ளமும் ஓடுகிறதே?

ஒன்றும் புரியவில்லை. தலைவலி.

ஜூன் 28, சனி

மோகனை டயாலிசிஸ் சென்டரில் விட்டுவிட்டு நாச்சாரம் போனேன். ஆபீஸ் ஜெனரேட்டரைப் பழுது பார்க்கிற பத்ரியின் ஒர்க்‌ஷாப் அங்கே இருக்கிறது. போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்தார்.

"ஃபோர் ஸ்ட்ரோக் மேடம். பெட்ரோல்ல ஆயில் கலக்கவே கூடாது. உங்க அத்தான் ஊர்ல இருக்கறது டூ ஸ்ட்ரோக். அவர் எஞ்சினுக்கு அவர் சொன்னது சரி. உங்க எஞ்சினுக்குத் தப்பு."

"சரி, கீழே ஒரு கால் மாதிரி இருக்கே, ஃபேன் சுத்துமே, அதுக்கும் ஆயில் உண்டா?"

தாடையைத் தடவினார். "அது தெரியாது மேடம். நான் பாக்கறது ஜெனரேட்டர். அதுக்குக் கால் கிடையாது."

இந்த மாதிரி பதில் சொல்கிற மனிதர் கிடைத்ததே சந்தோஷம். அந்தப் பச்சை பெயின்ட்டைத் தின்னர் போட்டுத் துடைத்துப் பார்க்கச் சொன்னார். சாயங்காலம் துடைத்தேன். உள்ளேயிருந்து மாடல் நம்பர் வந்தது. கம்பெனி வெப்சைட்டில் அதற்கான புத்தகமும் கிடைத்தது. கலந்த பெட்ரோலைப் பூராவும் வடித்தாயிற்று.

மோகன் இன்று எடை கூடி வந்திருக்கிறார் என்று நர்ஸ் பத்மஜா என்னைத் திட்டினாள். உடம்பில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. நான் காலையில் நிரப்பி வைப்பது ஒரே ஒரு பாட்டில், நாள் முழுக்க அதுதான். அப்புறம் எங்கிருந்து? "சத்தியமா இல்ல" என்கிறார். பிரிட்ஜில் ஐஸ் ட்ரே காலியாக இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

காலுக்கும் ஆயில் உண்டு. கியர் ஆயில். எஞ்சின் ஆயில் வேறு, இது வேறு. ஒரே மோட்டாருக்கு இரண்டு ஆயில், இரண்டு இடம், இரண்டு விதி. எவன் கண்டுபிடித்தானோ.

காலில் மேலே ஒரு திருகு, கீழே ஒரு திருகு. இரண்டையும் கழற்றினால் பழைய ஆயில் கீழ் வழியாக வரும். வந்தது. தேன் மாதிரி இருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. வந்தது பால் விட்ட காபி. அப்படியென்றால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தமாம். தண்ணீரிலேயே நிற்கிற சாமானுக்குள் தண்ணீர் போகக் கூடாது! நான் யாரிடம் போய்ச் சொல்ல?

திருகுகளின் அடியில் இருந்த வாஷர் நசுங்கித் தகடாகிக் கிடந்தது. புதுசு போட்டேன். அதோடு நிற்குமா, உள்ளே சீல் போயிருக்குமா, தெரியவில்லை. ஓட்டிப் பார்த்து மறுபடி திறந்தால்தான் தெரியும்.

ஊற்றுகிற விதம்தான் வேடிக்கை. மேலிருந்து ஊற்றக் கூடாது. ஊற்றினால் உள்ளே காற்று நின்றுவிடும், நிறைந்துவிட்டது என்று நாம் ஏமாந்துபோவோம். கீழ் ஓட்டையில் ட்யூபைச் செருகி அழுத்த வேண்டும். ஆயில் உள்ளே ஏறி, மேல் ஓட்டையில் எட்டிப் பார்க்கும். முதலில் மேல் திருகை மூட வேண்டும், அப்புறம்தான் கீழே. நான் கீழே அழுத்தினேன், மோகன் மேலே விரலை வைத்துக் காத்திருந்தார். "வருது, வருது... வந்துருச்சு!" என்று கத்தினார்.

எஞ்சின் ஆயிலும் புதுசு. குச்சியில் இரண்டு கோடு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும்படி ஊற்றினேன். மோட்டார் நிமிர்ந்து நிற்கும்போதுதான் பார்க்க வேண்டுமாம். முடிந்ததும் காலைத் தூக்கிச் சாய்த்து வைத்துவிட்டேன், ஹாலில் ஷட்டில் ஆடுகிறவர்கள் தடுக்கி விழுகிறார்கள்.

மிச்ச ஆயில் கேனை ஸ்டாண்டுக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

டிரம்மில் நன்றாக ஓட்டிவிட்டு, கீழ்த் திருகை லேசாகத் தளர்த்திப் பார்த்தேன். கொஞ்சம் கசிந்தது. பால் இல்லை! வாஷர்தான் காரணம் போல. போல என்றுதான் எழுத முடிகிறது.

ஆனால் எஞ்சின் ஆயில் குச்சி மேல் கோட்டைத் தொடுகிறது. நடுவில்தானே விட்டேன்? அவசரத்தில் சரியாகப் பார்க்கவில்லையோ?

ஜூலை 20, ஞாயிறு

இப்போது மேல் கோட்டைத் தாண்டிவிட்டது.

ஓட்டினால் ஆயில் குறையும். குறையாவிட்டால் அப்படியே நிற்கும். ஏறுமா? புத்தகத்தைப் புரட்டினேன். பெட்ரோல் இறங்கிக் கலந்தால் ஏறலாம், வாசனை வரும் என்கிறது. மோந்து மோந்து பார்த்தேன், இல்லை. தண்ணீர் கலந்தால் வெளுத்துப் போகும் என்கிறது. வெளுக்கவில்லை. சுத்தமான, அழகான, அதிகமான ஆயில்.

பத்ரிக்குப் போன் போட்டேன். "தானா ஏறாது மேடம்" என்றார். எனக்கு மட்டும் தெரியாதா!

அளவுக்கு மேல் இருந்தால் நுரைத்துக்கொள்ளும், புகையும், ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுக்க முடியாமல் திணறும். தெருவில் கழுத்தளவு தண்ணீர் நிற்கும்போது நடுவில் நின்றுபோனால்? இவர் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது நின்றுபோனால்? மறுபடி ஜேசிபியைக் கூப்பிடுவதா? வேலையில் தினம் அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். இந்தத் தப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியவில்லையே, மாதாவே.

ஜூலை 25, வெள்ளி

மழை. ஏரி இன்னும் நிறையவில்லை என்று பிரசாத் சொன்னார். இன்னும் என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்திருக்க வேண்டாம்.

சாயங்காலம் மோகன் வாக்கிங் போனார். குடையை விட்டுவிட்டுப் போனாரே என்று எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஹால் மேடையில், சாய்த்து வைத்த மோட்டார் முன்னால் குனிந்து நிற்கிறார். ஒரு கையில் ஆயில் கேன். இன்னொரு கையில் புனல். தண்ணீர் பாட்டிலை வெட்டிச் செய்த புனல்.

"என்ன பண்றீங்க!"

தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. "கத்தாத ஆக்னஸ். ஆயில் கொறஞ்சு கெடக்கு. நீ சரியா பாக்கறதே இல்ல. இந்தா, பாரு" என்று குச்சியை எடுத்துக் காட்டினார். உண்மைதான். நுனியில்கூட ஒட்டவில்லை, காய்ந்து கிடந்தது.

மோட்டாரின் காலை இறக்கி நிமிர்த்தினேன். ஆயில் அடங்கட்டும் என்று காத்திருந்தேன். குச்சியைத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்தேன். மேல் கோட்டுக்கு மேலே, எங்கேயோ.

நான் பார்க்கும்போது நிமிர்த்திப் பார்க்கிறேன். பார்த்துவிட்டுச் சாய்த்து வைத்துவிட்டுப் போகிறேன். அவர் சாய்ந்திருக்கும்போது பார்க்கிறார். ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுகிறது, குச்சிக்கு எட்டவில்லை. அதனால் தினமும் கொஞ்சம் ஊற்றியிருக்கிறார். தினமும்!

இதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. "உங்களை யாருங்க இதைத் தொடச் சொன்னது? அளவுன்னு ஒண்ணு இருக்குன்னு எதுலயாவது தெரியுமா உங்களுக்கு?"

அவர் மெதுவாகத்தான் சொன்னார். "நான் ஒரு வாய் தண்ணி குடிச்சா பாட்டிலத் தூக்கி வெளிச்சத்துல பாக்குற. நாக்கு ஒட்டிக்குது ஆக்னஸ், தெரியுமா உனக்கு? இதைப் பாத்தேன், காய்ஞ்சு கெடக்கு. தாகமா இருக்குமேன்னு தோணுச்சு. அதாச்சும் நல்லா குடிக்கட்டும்னு ஊத்துனேன்."

அப்போதாவது வாயை மூடியிருக்க வேண்டும். "ஜாஸ்தியா குடிச்சா அதுக்கும் உங்கள மாதிரி மூச்சு வாங்கும்" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

பேசவில்லை. பாட்டிலை நான் வைத்த இடத்திலேயே விட்டிருக்கிறார். ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லை. இது தண்டனையா? யாருக்கு?

ஜூலை 30, புதன்

"சாம்பார்ல உப்பு இல்ல" என்றார். உப்பு போடக் கூடாது என்று அவருக்கே தெரியும். ஆனாலும் பேசினார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் அவரே, "வா, அந்த ஆயில எறக்கிடலாம்" என்றார். நிமிர்த்தி வைத்து, வடிக்கிற திருகைத் திறந்து, பழைய வாளியில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். இறக்குவது, குச்சி பார்ப்பது, இறக்குவது, குச்சி பார்ப்பது. நடுவில் வந்து நின்றதும், "டயாலிசிஸ் முடிஞ்சுது. நர்ஸம்மா, வெயிட் எழுதிக்கோ" என்றார். சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அழுதும் தொலைத்தேன். "அன்னிக்கு நான் பேசினது தப்புங்க" என்றேன்.

"நக்கோ, விடு." பிறகு தன் இடது கையைக் காட்டினார். டயாலிசிஸ் ஊசிக்காக நரம்பைச் சேர்த்துத் தைத்த கை. கயிறு மாதிரிப் புடைத்திருக்கிறது. "இதை வச்சு வெயிட் தூக்கக் கூடாது. கயிறு இழுக்கக் கூடாது. படகைத் தள்ளக் கூடாது. எனக்காகத்தான் இவ்ளோ பேர் மோட்டார், படகுன்னு அலையறீங்க. நான் என்ன செய்யறது, வேடிக்கை பாக்கறதா? குச்சி பாக்க முடியும். அதையாச்சும் செய்யறேன்னு பாத்தேன்."

எனக்கு ஏன் இது தோன்றவே இல்லை?

இனிமேல் ஆயில் பார்ப்பது அவர் வேலை என்று முடிவு. நிமிர்த்திவிட்டுத்தான் பார்ப்பார். நான் தொடுவதில்லை.

(தொட்டேன். அவர் தூங்கும்போது போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சரியாகத்தான் இருந்தது. என் புத்தி.)

ஆகஸ்ட் 14, வியாழன்

எழுத்து எப்படி இருந்தாலும் சரி, எழுதிவிட வேண்டும்.

விடிந்தபோது தெரு இல்லை. ஏரி வந்துவிட்டது. கார்களின் கூரை மட்டும் தெரிந்தது. இன்று டயாலிசிஸ். செவ்வாய்க்கிழமை முழுசாகச் செய்யவில்லை, பிரஷர் இறங்கிவிட்டது என்று பாதியில் நிறுத்தியிருந்தார்கள். முகம் வீங்கியிருந்தது. பேசும்போது நடுநடுவே நிறுத்தி மூச்சு எடுத்தார். தள்ளிப்போட வழியே இல்லை.

படகு ஓட்டப் பழகியவர் பிரசாத் ஒருவர்தான். அவர் நேற்று ஆபீஸ் போனவர், சனத்நகரில் மாட்டிக்கொண்டார். போனில், "மேடம், மீருன்னாரு கதா" என்கிறார். நீங்கள் இருக்கிறீர்களே என்று! "பிரசாத், நான் வள்ளத்துல ஏறினா வாந்தி எடுப்பேன்!" என்று தமிழிலேயே கத்தினேன். லைன் போய்விட்டது.

வாட்ச்மேன்கள் படகைக் கொண்டுவந்து ஹால் படிக்கட்டில் கட்டி, மோட்டாரைத் தூக்கி மாட்டினார்கள். நான் கயிற்றில் கை வைத்தேன். மோகன், "இரு" என்றார். படியில் உட்கார்ந்தபடியே, மோட்டார் நேராக நிற்கிறதா என்று பார்த்தார். குச்சியை எடுத்தார், சட்டை நுனியில் துடைத்தார், விட்டார், எடுத்தார்.

"நடுவுல இருக்கு. இழு."

இழுத்தேன். கிளம்பவில்லை. இழுத்தேன். இருமியது. மாதாவே, மாதாவே என்று இழுத்தேன். பிடித்துக்கொண்டது. புகை இல்லை.

யாரும் அவரைத் தூக்கவில்லை. ஹால் கம்பியை நல்ல கையால் பிடித்துக்கொண்டு அவரே இறங்கி, எனக்கு எதிரே, என் முகத்தைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தார். ஒரு வாட்ச்மேன் முன்னால் கழியோடு நின்றான். கிளம்பினோம். எந்தப் பக்கம் கைப்பிடியைத் திருப்பினால் படகு எந்தப் பக்கம் போகும் என்பதே புரியவில்லை. வலது பக்கம் தள்ளினால் இடது பக்கம் போகிறது. முதல் பிளாக் சுவரில் இடித்தேன். விஜயகுமாரி மாடியில் ஐயோ என்றாள். பயம், கண்ணில் மழை. இந்த ஆளைக் கொன்றுவிடப் போகிறேன் என்றே நினைத்தேன்.

"தூத்துக்குடி, தண்ணியப் பாக்காத. என்னைப் பாரு" என்றார். மூச்சு எடுத்துக்கொண்டு, "நான் கை காட்டற பக்கம் போ."

கை காட்டினார். போனேன். மோட்டார் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு இடத்திலும் திணறவில்லை. மாடிகளில் ஆட்கள் நின்றார்கள், போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். மோகன் அவர்களைப் பார்த்துக் கையாட்டினார்! போன வருடம் பக்கெட்டுக்குள் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டவர்.

மெயின் ரோட்டு மேட்டில் ஆம்புலன்ஸ் நின்றது. அவரை ஏற்றிவிட்டு, ரோட்டோரம் நன்றாக வாந்தி எடுத்துவிட்டு, நானும் ஏறினேன்.

இதை சென்டரில், அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மிஷின் சுற்றிக்கொண்டிருக்கிறது. தூங்குகிறார். பத்மஜா வந்து என் கையைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, ரத்தமா?" என்றாள். ஆயில் என்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தண்ணீர் வடிந்துவிட்டது. தெருவெல்லாம் சேறு, ஒரே நாற்றம். படகு இரண்டு நாளில் காலனியையே சுற்றி வந்திருக்கிறது. மறுநாள் பிரசாத் வந்து சேர்ந்து, பால், மருந்து, ஒரு கல்யாணப் பெண்ணின் சூட்கேஸ்கள் என்று ஓட்டித் தள்ளினார்.

காலையில் கியர் ஆயிலை மாற்றினோம். கீழ்த் திருகை நான் கழற்றினேன், கண்ணை மூடிக்கொண்டு. "தொறந்து பாரு" என்றார் மோகன். தேன். ஒரு சொட்டுப் பால் இல்லை. அவ்வளவு சேற்றுத் தண்ணீரில் நின்ற காலுக்குள் தண்ணீரே போகவில்லை. எப்படி என்று எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. புதிய வாஷரோடு மறுபடி நிரப்பினோம். நான் கீழே அழுத்த, அவர் மேலே விரல் வைத்தார்.

நான் வீட்டுக்கு வந்து, சப்பாத்திக்கு மாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் பாட்டிலை அவரே நிரப்பி வைத்துக்கொள்கிறார். ஜன்னலோரம் இருந்தது. தூக்கிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஹாலிலிருந்து அவர் குரல். "ஆக்னஸ்! நிமித்தி வச்சுத்தான் பாத்தேன். அளவு சரியா இருக்கு. வந்து பாக்கறியா?"

எழுந்தேன். வாசல் வரை போனேன்.

"வேண்டாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து மாவைப் பிசைந்தேன்.